டிரிப்ஸ் பாட்டிலுக்குள்ளும் செடிதான்

காரைக்குடியில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். புற்றுநோய் மாத்திரைக்கான சீட்டோடு வருகிறவர்கள், மருந்தை வாங்கிப் பையில் வைத்த உடனே கிளம்பிவிட மாட்டார்கள். கொஞ்சம் தயங்கி நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள்: "ஏம்மா, இந்த இங்கிலீஷ் மருந்தோட நாட்டு மருந்தும் சேத்துக் குடுக்கலாமா?" இன்னும் சிலர், "இதை நிறுத்திட்டு மூலிகையே பாக்கலாம்னு வீட்ல சொல்றாங்க" என்பார்கள். பின்னால் இருமல் மருந்துக்கு நாலு பேர் காத்து நிற்கும்போது இதற்கு முழுப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

செடியிலிருந்து வருவது சாதுவான மருந்து, ஆஸ்பத்திரியில் ஏற்றுவது கெமிக்கல். நம்மில் பலர் இப்படி இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். புற்றுநோய் வார்டுக்குள் போனால் இந்தப் பிரிவினை நிற்காது. வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின், பேக்ளிடாக்சல், டோசிடாக்சல், எட்டோபோசைடு, இரினோடிகான், டோபோடிகான் என்று அங்கே தொங்குகிற பாட்டில்களில் பலவற்றுக்குப் பூர்வீகம் ஏதோ ஒரு இலையோ, பட்டையோ, கிழங்கோதான். கீமோ என்று நாம் பயந்து சொல்வதில் கணிசமான பங்கு மூலிகையிலிருந்து வந்தது. செடியில் மருந்து இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. அந்தச் செடியை எவ்வளவு, எந்த வழியில், யாருக்கு, எதோடு சேர்க்காமல் கொடுப்பது என்பதில்தான் உயிர் இருக்கிறது.

நம்மூரிலிருந்தே தொடங்குகிறேன். கண்மாய்க் கரை, செம்மண் பொட்டல், சுடுகாட்டு வேலி ஓரம் எங்கே பார்த்தாலும் வெள்ளையும் ரோஸும் கத்திரிப்பூ நிறமுமாக ஒரு செடி பூத்துக் கிடக்கும். நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. சித்திரை வெயிலில் மற்றதெல்லாம் கருகி நிற்கும்போதும் இது பூக்கும். ஆடு மாடு வாய் வைக்காது. அதன் உடம்பு முழுக்க ஆல்கலாய்டு என்ற கசப்புப் பொருட்கள். 130-க்கும் மேற்பட்டவற்றை அதிலிருந்து பிரித்திருக்கிறார்கள். பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. எப்போதோ கப்பலேறி வந்து நம் மண்ணோடு ஒன்றிவிட்டது. பக்கத்து ராமநாதபுரத்திலும் தூத்துக்குடி, திருநெல்வேலி வட்டாரங்களிலும் இதை மானாவாரிப் பயிராகவே போடுகிறார்கள். இலையும் வேரும் காய்ந்து மூட்டையாக மருந்துக் கம்பெனிகளுக்குப் போகின்றன.

இந்தச் செடியின் கதையில் எனக்குப் பிடித்த இடம், அதைத் தேடிப் போனவர்கள் தேடியது புற்றுநோய் மருந்தையே இல்லை என்பது. 1952-இல் கனடாவில் கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்கு ஜமைக்காவிலிருந்து ஒரு கடித உறை வந்தது. உள்ளே நித்தியகல்யாணி இலைகள். சர்க்கரை நோய்க்கு அந்தத் தீவில் இதைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள், ஆராய்ந்து பாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். (நம் பக்கத்திலும் சர்க்கரைக்கு இந்தப் பூவைக் கஷாயம் வைத்துக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கடலுக்கு இரண்டு பக்கமும் ஒரே பழக்கம்.) அவர் அதைத் தன் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். ராபர்ட் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார். ரத்தத்தில் சர்க்கரை அசையவில்லை. சாரத்தை ஊசி வழியாகச் செலுத்தியபோது எலிகள் சில நாட்களில் தொற்று நோயால் செத்துப்போயின.

இந்த இடத்தில் பலர் ஆராய்ச்சியை மூடிவைத்திருப்பார்கள். ராபர்ட் ஏன் செத்தன என்று பார்த்தார். எலிகளின் வெள்ளை அணுக்கள் அதலபாதாளத்துக்கு இறங்கியிருந்தன. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்? அவற்றைக் குறைக்கிற பொருள் ஒன்று இந்த இலைக்குள் இருக்கிறதென்றால்? சார்லஸ் பீர் என்ற வேதியியலாளரோடு சேர்ந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து 1958-இல் அறிவித்தார்கள். அதுதான் வின்பிளாஸ்டின். அதே காலத்தில் அமெரிக்காவில் எலி லில்லி நிறுவனத்தில் கார்டன் ஸ்வோபோடாவின் குழு இதே செடியைத் தனியாகக் குடைந்துகொண்டிருந்தது. அவர்கள் கண்டெடுத்த வின்கிறிஸ்டின் 1963-இல் அங்கே மருந்தாக அனுமதி பெற்றது.

இவை வேலை செய்யும் விதம் அழகானது. ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் தன் குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுத்துப் பங்கு போடும். இழுப்பதற்கு டியூபுலின் என்ற புரதத்தால் ஆன நுண்ணிய குழல்களை அந்தச் சமயத்தில் கட்டும், வேலை முடிந்ததும் கலைக்கும். தேர் இழுக்க வடம் வேண்டும் இல்லையா, அதுபோல. வின்கிறிஸ்டின் வடத்தைத் திரிக்கவே விடாது. தேர் நிலையிலேயே நின்றுவிடும், செல் பிரிய முடியாமல் சாகும். புற்றுசெல் ஓயாமல் பிரிவதால் அதற்கு அடி அதிகம். முடியின் வேர், குடல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றிலும் செல்கள் வேகமாகப் பிரிவதால் அங்கேயும் அடி விழும். கீமோவில் முடி கொட்டுவதும் வாய் புண்ணாவதும் இதனால்தான்.

குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் 1960 வாக்கில் பிழைத்தவர்கள் மிகக் குறைவு. வின்கிறிஸ்டினோடு வேறு சில மருந்துகளையும் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்து, படிப்படியாகச் செம்மையாகி, வசதியுள்ள நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். நம் சுடுகாட்டு ஓரத்துச் செடிக்கு அதில் பங்கு இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும்.

சரி, அப்படியானால் செடியைப் பறித்துக் கஷாயம் வைக்கலாமே? இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். விடை அளவில் இருக்கிறது. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். ஒரு கிராம் வின்கிறிஸ்டினுக்குச் சுமார் 2,000 கிலோ. பெரியவர்களுக்கு ஒரு தடவை ஏற்றும் வின்கிறிஸ்டின் பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேல் போகாது. கணக்குப் போட்டால் அந்த ஒரு ஊசிக்கு நாலு கிலோ காய்ந்த இலை. ஒரு கைப்பிடி பூவைக் கொதிக்க வைத்தால் அந்த மருந்து கிடைக்காது. இலையில் மலிந்து கிடக்கும் மற்ற ஆல்கலாய்டுகள் கிடைக்கும். அவற்றில் ரத்த அழுத்தத்தைக் குறைப்பவையும் உண்டு. ஏற்கெனவே பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் போடுகிற வயதானவர் இதைக் குடித்துவிட்டு மயங்கி விழுந்தால் யாரும் செடியைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

வின்கிறிஸ்டினை வாய்வழியாகக் கொடுப்பதே இல்லை, ரத்தக் குழாய் வழியாகத்தான். ரத்தக் குழாயை விட்டு வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதை வெந்துபோகும். தவறிப்போய் முதுகுத்தண்டு நீருக்குள் செலுத்தினால் உயிருக்கே முடிவு. இத்தனை கூர்மையான பொருளைச் சாது என்று எப்படிச் சொல்வது? ஆடு வாய் வைக்காததற்குக் காரணம் இருக்கிறது.

இத்தனை டன் இலை எதற்கு, செடி எப்படித்தான் இதைச் செய்கிறது என்று விஞ்ஞானிகள் பல வருடம் மண்டையை உடைத்தார்கள். முப்பது படிகளுக்கும் மேல் போகிற அந்தச் சமையல் முறையில் கடைசியாக விட்டுப்போயிருந்த படிகளை 2018-இல் கண்டுபிடித்தார்கள். 2022-இல் அந்த மரபணுக்களை ஈஸ்டுக்குள் வைத்து, வின்பிளாஸ்டினாக மாற்றக்கூடிய இரண்டு மூலப்பொருட்களை ஈஸ்டையே தயாரிக்க வைத்தார்கள். அது தொழிற்சாலை அளவுக்கு வளர்ந்தால் நம் பக்கத்து மானாவாரி விவசாயிகளின் மூட்டைக்கு என்ன விலை கிடைக்கும் என்ற கவலையும் எனக்கு வருகிறது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

புதுவயலில் இருக்கும் என் சித்திக்கு மார்பில் கட்டி வந்தபோது, நான் படித்த இந்த விஷயங்கள் எல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டன. ஆபரேஷன் முடிந்து மதுரையில் கீமோ. முதலில் சிவப்பு மருந்து. டாக்சோரூபிசின் என்ற அது, மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து வந்தது. அப்புறம் பேக்ளிடாக்சல். அதை ஆரம்பிக்கிற அன்று சித்தி கேட்டார்: "ஏத்தா, இது எதுலருந்து எடுக்குறாக?" ஒரு மரத்துப் பட்டையிலிருந்து என்றேன். நம்பவில்லை. "பட்டைன்னா நம்ம வேப்பம்பட்டை மாதிரியா?" என்று கேட்டுவிட்டு டிரிப்ஸ் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிஷத்திலிருந்து அந்த மருந்தின் மேல் அவருக்கு இருந்த பயம் கொஞ்சம் தணிந்தது. அதனால் முழுக் கதையையும் சொன்னேன்.

1960-லிருந்து அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் உலகம் முழுக்கச் செடிகொடிகளைச் சேகரித்துச் சோதிக்கும் பெரிய வேலையில் இறங்கியிருந்தது. 1962-இல் ஆர்தர் பார்க்லே என்ற தாவரவியலாளர் வாஷிங்டன் மாநிலத்துக் காட்டில் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையைச் சேகரித்து அனுப்பினார். மரவெட்டிகள் பெரிய மரங்களை எடுத்துக்கொண்டு இதை வேண்டாத மரமென்று எரித்துவிடுவது வழக்கம். மன்ரோ வால், மன்சுக் வானி என்ற இரண்டு வேதியியலாளர்கள் அதிலிருந்து பேக்ளிடாக்சலைப் பிரித்து, அதன் அமைப்பை 1971-இல் வெளியிட்டார்கள். வானி மகாராஷ்டிரத்து நந்தூர்பாரில் பிறந்தவர். அதற்குப் பிறகும் எட்டு வருடம் அது கிட்டத்தட்டக் கிடப்பில்தான் கிடந்தது. 1979-இல் சூசன் ஹார்விட்ஸ் அது வேலை செய்யும் விதத்தைக் கண்டுபிடித்தார். வின்கிறிஸ்டின் வடத்தைத் திரிக்க விடாது என்றேன். இது நேர் எதிர். திரித்த வடத்தை அவிழ்க்க விடாது. செல் பிரிவதற்குக் குழல்கள் கலைந்தும் ஆக வேண்டும் என்பதால் முடிவு ஒன்றுதான். இதுவரை யாரும் பார்த்திராத வழி என்று தெரிந்ததும் உலகமே அந்த மரத்தின் பக்கம் திரும்பியது.

திரும்பியதில் மரத்துக்கு ஆபத்து. நூறு வயது மரம் ஒன்றை உரித்தால் மூன்று கிலோ பட்டை வரும். அதில் சுமார் 300 மில்லிகிராம் மருந்து, ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்குக் காணும். பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். ஒரு நோயாளிக்கே பல மரங்கள் வேண்டும் என்றால் காடு தாங்குமா? பிரான்சில் பியர் போட்டியே ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலைகளில் மருந்துக்கு மிக நெருங்கிய ஒரு மூலக்கூறு இருப்பதைக் கண்டார். இலை பறித்தால் மறுபடி துளிர்க்கும். அதிலிருந்து பேக்ளிடாக்சலாக மாற்றும் சிக்கனமான முறையை அமெரிக்காவில் ராபர்ட் ஹோல்டன் உருவாக்கினார். 1992-இல் சினைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது, பின்னர் மார்புக்கு. இப்போது யூ மரத்தின் செல்களைத் தொட்டியில் வளர்த்தும் தயாரிக்கிறார்கள். பட்டையைத் தட்டியெடுத்த நாளிலிருந்து அனுமதி வரை முப்பது வருடம். "இயற்கையில இருக்குறதை அப்படியே குடுத்தா என்ன" என்று கேட்கிறவர்களுக்கு அந்த முப்பது வருடத்தில் நடந்ததுதான் என் பதில்.

இன்னொரு விஷயம் சித்தியை நிஜமாகவே ஆச்சரியப்படுத்தியது. பேக்ளிடாக்சல் தண்ணீரில் கரையாது. அதைக் கரைக்க ஆமணக்கெண்ணெயிலிருந்து மாற்றிச் செய்த ஒரு பொருளையும் ஆல்கஹாலையும் சேர்க்கிறார்கள். சிலருக்கு மருந்து ஏறும்போது மூச்சுத் திணறி முகம் சிவந்து அலர்ஜி வருவதற்கு அந்த ஆமணக்குப் பொருள் ஒரு முக்கியக் காரணம். அதனால்தான் முன்னாலேயே டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் அலர்ஜி ஊசியும் போட்டுவிடுகிறார்கள். "எங்க ஆத்தா பேதிக்குக் குடுத்த வெளக்கெண்ணெயா?" என்று கேட்டார் சித்தி. அதே வித்துதான்.

மருந்து வேலை செய்தது. விலையும் கேட்டது. விரல் நுனியும் உள்ளங்காலும் மரத்துப் போய், பூத்தொடுக்கும்போது நார் விரலில் இருக்கிறதா நழுவிவிட்டதா என்று தெரியாமல் போனது. பேக்ளிடாக்சல் நரம்புகளையும் தொடும், ஏனென்றால் நரம்புக்குள் சத்துப் போய்வருவதும் அதே டியூபுலின் குழல்களைப் பிடித்துத்தான். இதை மருத்துவரிடம் சொல்லாமல் சித்தி மறைத்துக்கொண்டிருந்தார், சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில். கட்டாயம் சொல்லியாக வேண்டிய விஷயம் இது. சொன்னதும் அளவைத் திருத்தினார்கள். விரல் மெல்ல மெல்லத் தேறி வந்தது.

இதற்கிடையில் வீட்டு முகப்பில் பாட்டில்கள் சேர ஆரம்பித்தன. நோய் என்று கேள்விப்பட்டதும் வெறுங்கையோடு யாரும் வருவதில்லை, அது நம் ஊர்ப் பண்பு. சித்தப்பாவின் பங்காளி ஒருவர் முள் சீத்தா இலைப் பொடி கொண்டுவந்தார். தேவகோட்டையிலிருந்து வந்த அத்தை ஒருவர் மஞ்சள் மாத்திரை, விலை உயர்ந்தது, மிளகுச் சத்து சேர்த்தது. பக்கத்து வீட்டு ஆச்சி அருகம்புல் சாறு. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் அக்கறை இருக்கிறது. அதனால்தான் மறுப்பது அவ்வளவு கஷ்டம்.

மஞ்சளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கடையில் அதிகம் கேட்கப்படுவது அதுதான். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் 1815-லேயே பிரித்தெடுக்கப்பட்டது. சோதனைக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்கும் புற்றுசெல்கள் மேல் அதை ஊற்றினால் செல்கள் சாகின்றன, இது உண்மை. இதைப் படித்துவிட்டுத்தான் "மஞ்சள் புற்றுநோயைக் கொல்லும்" என்று செய்தி பரவுகிறது. குடுவையில் இருக்கும் செல்லுக்கும் குர்குமினுக்கும் நடுவில் எதுவுமில்லை. மனிதருக்குள் குடல் இருக்கிறது, கல்லீரல் இருக்கிறது. குடல் அதைச் சரியாக உறிஞ்சாது, உறிஞ்சிய கொஞ்சத்தையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியேற்றிவிடும். ஒரு நாளைக்கு 8 கிராம் குர்குமின் வரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தும் ரத்தத்தில் மிகச் சொற்பமாகவே தெரிந்தது. மஞ்சள் தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 சதவீதம்தான். 8 கிராம் வேண்டுமென்றால் கால் கிலோவுக்கு மேல் மஞ்சள் தூள் தின்ன வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. குர்குமின் தானாகவே ஒளிரும், கண்ட புரதத்தோடும் ஒட்டும், நிலையில்லாமல் சிதையும். அதனால் ஆய்வுக்கூடச் சோதனைகளில் மருந்து வேலை செய்வதுபோலப் பொய்யான சைகை காட்டும். 2017-இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் அதுவரை வந்த ஆராய்ச்சிகளை அலசி, யாருக்கு நிஜ மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று நோயாளிகளையும் மருத்துவரையும் அறியவிடாமல் ஒப்பிட்டு நடத்திய எந்தச் சோதனையிலும் அது வெற்றி பெற்றதாகக் காணவில்லை என்று எழுதினார்கள். இதற்காக மஞ்சளை விட்டுவிட வேண்டியதில்லை. குழம்பில் போடும் மஞ்சள் உணவு, அது இருக்கட்டும். அதற்கு மருந்து என்ற பாரத்தை ஏற்றுவதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

மிளகுச் சத்து சேர்த்த மாத்திரை என்றேனே, அதில் விவகாரம் இன்னும் ஆழம். 1998-இல் பெங்களூரில் செய்த ஒரு ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரமான பைபரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தார்கள். ரத்தத்தில் குர்குமின் பல மடங்கு ஏறியது. கம்பெனிகள் இதைப் பெருமையாக டப்பாவில் போடுகின்றன. எப்படி ஏறியது என்பதை யாரும் டப்பாவில் போடுவதில்லை. அந்நியப் பொருளை உடைத்து வெளியேற்றும் கல்லீரல், குடல் நொதிகளின் கையைப் பைபரின் கட்டிப்போடுகிறது. அப்படிக் கட்டுப்படும் நொதிகளில் சில, பேக்ளிடாக்சலையும் மற்றப் பல மருந்துகளையும் உடைப்பவை. எந்த மருந்து எவ்வளவு நேரம் உடம்பில் தங்கும் என்று கணக்குப் பார்த்து அளவு எழுதியிருக்கிறார் மருத்துவர். அந்தக் கணக்குக்குள் தெரியாமல் கை வைக்கிறோம்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். மார்புப் புற்றுநோய்க்குப் பிறகு வருடக்கணக்காகச் சாப்பிடும் டமாக்சிஃபென் மாத்திரையை எங்கள் கடையில் தொடர்ந்து வாங்குகிறவர்கள் உண்டு. அந்த மாத்திரை உடம்புக்குள் எண்டாக்சிஃபென்னாக மாறினால்தான் முழு வேலை செய்யும். நெதர்லாந்தில் ராட்டர்டாமில் செய்து 2019-இல் வெளியான ஆய்வில், குர்குமின் மாத்திரை சேர்த்துச் சாப்பிட்ட பெண்களின் ரத்தத்தில் எண்டாக்சிஃபென் குறைந்தது, பைபரினும் சேர்ந்தபோது இன்னும் குறைந்தது. நோய் திரும்பக் கூடாதென்று ஒரு கையால் மாத்திரை போட்டு, இன்னொரு கையால் அதன் பலத்தைக் குறைப்பதாகிவிடும். மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றியும் மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. செட்டிநாட்டுச் சமையலில் மிளகு சேராத நாள் ஏது? ரசத்தில் தட்டிப் போடுவதைப் பற்றி நான் பேசவில்லை. சத்தாகப் பிழிந்து மாத்திரையாக்கிய அளவைப் பற்றிப் பேசுகிறேன்.

முள் சீத்தா இன்னும் கவலை தருவது. அதில் அனோனாசின் என்ற பொருள் இருக்கிறது, மூளை நரம்புகளுக்கு நஞ்சு. இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் அதிகம் எடுத்துக்கொள்ளும் குவாடலூப் தீவில், பார்க்கின்சன் போன்ற ஒரு நடுக்கநோய் வழக்கத்துக்கு மீறி இருப்பதை 1999-இல் கவனித்து எழுதினார்கள். ஏற்கெனவே கீமோவால் விரல் மரத்திருக்கும் ஒருவருக்கு நரம்பு நஞ்சைப் பொடி செய்து கொடுப்பதா? அந்தப் பொடியைச் சித்தியின் வாய்க்குப் போக நான் விடவில்லை. பங்காளிக்கு வருத்தம்தான்.

செடியின் பொருள் அப்படியே மருந்தாகிவிடாது என்பதற்கு ஒரு உதாரணம் உண்டு, அதில் ஒரு தமிழருக்கும் இடமிருக்கிறது. பேக்ளிடாக்சலைக் கண்ட அதே மன்ரோ வாலும் மன்சுக் வானியும் 1966-இல் ஒரு சீன மரத்திலிருந்து கேம்ப்டோதெசின் என்ற புற்றுநோய் எதிர்ப்புப் பொருளை எடுத்தார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் முதல்வராக இருந்த வேதியியலாளர் டி.ஆர்.கோவிந்தாச்சாரி, பின்னர் பம்பாயில் சீபா ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றியபோது, விஸ்வநாதன் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு மரத்தில் அதே பொருள் இருப்பதை 1972-இல் அறிவித்தார். பூ நாற்றமடிக்கும் அந்த மரம் இதன் பிறகு மருந்துக்காக வகைதொகையில்லாமல் வெட்டப்பட்டது வேறு சோகம். ஆனால் அந்தச் சமயத்திலேயே நோயாளிகளிடம் செய்த சோதனைகள் நிறுத்தப்பட்டிருந்தன. மருந்து ஏறியவர்களுக்குச் சிறுநீர்ப்பையில் ரத்தம் கொட்டியது. செடியில் இருந்த வடிவத்தில் அது மனிதருக்கு ஆகவில்லை. 1985-இல்தான், டி.என்.ஏ.வின் முறுக்கை அவிழ்க்கும் ஒரு நொதியை அது முடக்குகிறது என்று தெரிந்தது. மூலக்கூறைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி உருவாக்கிய டோபோடிகானும் இரினோடிகானும் 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இன்று மார்புப் புற்றுநோயில் பேசப்படும் டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகான் என்ற புது மருந்தில், எதிர்ப்புப் புரதத்தின் முதுகில் ஏறிப் போய்ப் புற்றுசெல்லுக்குள் இறங்குவது இதே கேம்ப்டோதெசின் குடும்பத்துப் பிள்ளைதான்.

சித்திக்குத் திரும்புகிறேன். வாக்குவாதம் செய்து பயனில்லை என்று தெரிந்ததால், வீட்டில் இருந்த எல்லாவற்றின் பெயரையும் ஒரு தாளில் எழுதினேன். மாத்திரை, பொடி, சாறு, சத்துமாவு, நெல்லிக்காய் லேகியம், எதையும் விடவில்லை. அடுத்த முறை மதுரைக்குப் போனபோது சித்தப்பா அதை மருத்துவரிடம் நீட்டினார். திட்டுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் பொறுமையாகப் படித்தார். முள் சீத்தாவையும் மஞ்சள் மாத்திரையையும் அடித்தார். காய்ச்சாத பச்சைச் சாறு வேண்டாம், வெள்ளை அணு குறையும் நாட்களில் தொற்று வரும் என்றார். சத்துமாவுக் கஞ்சியை நன்றாகக் குடிக்கச் சொன்னார். "சொல்லாமக் குடிக்கிறவங்களுக்குத்தான் நான் பயப்படுறேன், நீங்க எழுதிக்கிட்டு வந்துட்டீங்க" என்றார். சித்திக்கு முகம் தெளிந்தது. தன்னைக் கவனித்துக்கொள்ள ஏதோ செய்கிறோம் என்ற திருப்தி அவருக்கு வேண்டியிருந்தது. அந்தக் கஞ்சி அதைக் கொடுத்தது.

சித்த மருத்துவத்தை நான் எதிர்க்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் காய்ச்சலுக்கு நிலவேம்பு இன்றும் உண்டு. சேராங்கொட்டையைக் கட்டிகளுக்குக் கொடுப்பது சித்த மரபில் நெடுநாள் வழக்கம். முறைப்படி சுத்தி செய்யாமல், அதாவது நஞ்சை நீக்காமல், அதைத் தொட்டாலே தோல் கொப்பளிக்கும் என்பது எந்தச் சித்த மருத்துவருக்கும் தெரியும். சித்தர்கள் மருந்தை நஞ்சென்று அறிந்துதான் சுத்தி முறைகளையும் பத்தியத்தையும் வகுத்தார்கள். செல்போனில் வரும் குறிப்பில் சுத்தியும் இல்லை, பத்தியமும் இல்லை. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் போகலாம். கீமோ நடப்பதை அவரிடமும், அவர் கொடுப்பதைக் கீமோ மருத்துவரிடமும் சொல்லிவிட்டுப் போகலாம்.

கையைக் கட்டிக்கொண்டு நான் பார்க்க முடியாதது ஒன்றுதான். ஆபரேஷனையும் கீமோவையும் கரண்டு வைப்பதையும் தள்ளிவிட்டு மூலிகையை மட்டும் நம்பிக் காத்திருப்பது. 2018-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், பரவாத நிலையில் நோய் கண்டுபிடிக்கப்பட்டும் மாற்று வழியை மட்டும் தேர்ந்தெடுத்த 281 பேரை, வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். மாற்று வழிக்காரர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்புப் புற்றுநோயில் அது ஐந்து மடங்குக்கும் மேல். ஆரம்பத்தில் வந்தால் கைக்குள் அடங்கக்கூடிய நோய், மண்டலக் கணக்கில் கஷாயம் குடித்து முடிப்பதற்குள் எலும்புக்கும் நுரையீரலுக்கும் போய்விடுகிறது. அப்படி வந்தவர்களின் சீட்டுகளையும் நான் கவுன்டரில் வாங்கியிருக்கிறேன். வலி மருந்துக்கான சீட்டுகள்.

நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்திலிருந்து முப்பது வருடம் முட்டி மோதி, 1954-இல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் தங்கைக்கு அன்று கொடுக்க வின்கிறிஸ்டினும் இல்லை, பேக்ளிடாக்சலும் இல்லை. இன்று இருக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கீமோவுக்கும் உதவி கிடைக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மார்பையும் கர்ப்பப்பை வாயையும் பரிசோதிக்கிறார்கள். நாற்பதைத் தாண்டிய என் ஊர்ப் பெண்கள் எத்தனை பேர் அதற்குப் போகிறார்கள் என்று நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமை.

நாட்டு மருந்து சேர்க்கலாமா என்று கேட்டு என்னிடம் வருகிறவர்களிடம் இப்போது ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை வரும்போது வீட்டில் இருக்கும் டப்பா, பொட்டலம், பாட்டில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். கடையில் மதியம் மூன்று மணிக்குமேல் கூட்டம் குறைவு. பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துத் தாளில் எழுதித் தருகிறேன். மதுரையோ சென்னையோ, எங்கே போனாலும் அந்தத் தாளை ரிப்போர்ட் ஃபைலில் முதல் பக்கமாக வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.